மிதக்கவிட்ட மீன் பிழைக்காது

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், நியூபோர்ட் முதலிய துறைமுகங்களிலிருந்து படகேறிக் கடலில் தூண்டில் போடச் செல்வோர், போர்ட்லாந்துப் பக்கமிருந்து விடுமுறைக்கு வரும் நம் தமிழ்க் குடும்பத்தார் உட்பட, ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார்கள். செம்மஞ்சள் உடலும் பளிச்சென்ற மஞ்சள் விழியும் கொண்ட பெரிய மீனொன்று தூண்டிலில் ஏறுகிறது. அதை வைத்துக்கொள்ளக் கூடாதென்று யாரோ ஞாபகப்படுத்துகிறார்கள். உடனே அதைத் தண்ணீரில் வீசிவிட்டு, ஒரு ஜீவனைக் காப்பாற்றிய திருப்தியோடு மறு இரை கோக்கிறார்கள். மீனோ கண் பிதுங்கி, வாய்வழியே சதைப்பை தள்ளி, வயிறு மேலாக மிதந்தபடியே மாண்டுபோகிறது.

யெல்லோஐ ராக்ஃபிஷ் எனப்படும் இந்த மஞ்சட்கண் பாறைமீன், அலாஸ்கா முதல் கலிபோர்னியா வரையில், குளிர்ந்த கடலடிப் பாறைகளின் இடுக்கில் இடம்விட்டு அதிகம் நகராமல் வாழ்வது. நூறு வயதையும் தாண்டுவது. முட்டையிடாமல் குஞ்சாகவே ஈன்றாலும், ஈனும் பருவத்தை எட்டவே பல்லாண்டுகள் பிடிப்பது. இதன் காற்றுப்பைக்கு வெளியே திறக்கும் வழி கிடையாது. 30 பாக ஆழத்தில், அதாவது சுமார் 55 மீட்டரில், மேற்பரப்பைப்போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இருந்ததைச் சரேலென்று இழுத்தால், உள்ளிருக்கும் வாயு விரிந்து உறுப்புகளை நெருக்குகிறது. அதன்பின் மீன் தானாகக் கீழிறங்க முடிவதில்லை. 2002-இல் அமெரிக்க மத்திய அரசு, அளவுமீறிப் பிடிக்கப்பட்டுக் குன்றிய இனமாக இதை அறிவித்தது.

பரிகாரம் எளிது. 2017 முதல் ஆரிகனில், கடலடி மீனோ ஹாலிபட்டோ பிடிக்கச் செல்லும் ஒவ்வொரு படகிலும், மீனை ஆழத்துக்குத் திருப்பி அனுப்பும் இறக்குகருவி இருந்தாக வேண்டும். 30 பாகக் கோட்டுக்கு அப்பால் விடுவிக்கும் எந்தப் பாறைமீனையும் அதைக் கொண்டே விட வேண்டும். மீன்பிடி உரிமம் விற்குமிடத்தில் இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? விதிப்புத்தகத்தின் உள்பக்கத்தில் அச்சிட்டதோடு கடமை தீர்ந்ததென்று அதிகாரிகள் கருதுகிறார்கள். ஆகவே நாமே கேட்க வேண்டியதுதான். வாடகைப் படகானால், கரையை விட்டுக் கிளம்புமுன், "இறக்குகருவி எங்கே? காட்டுங்கள்" என்று படகோட்டியிடம் கேளுங்கள், பெட்டிக்கடியில் புதைந்து கிடந்தால் வெளியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கீழ்த்தாடையைக் கவ்வி, குறித்த ஆழம் சேர்ந்ததும் நீரழுத்தத்தால் தானே விட்டுவிடும் இடுக்கி கடைகளில் கிடைக்கிறது. பால் கூடையொன்றைக் கவிழ்த்து, விளிம்பில் ஈயக்குண்டும் முதுகில் கயிறும் கட்டி, மீனை அதனடியில் வைத்து இறக்கினாலும் போதும். எதுவாயினும் மீன் பிடிபட்ட ஆழத்துக்கே, குறைந்தது 100 அடிக்காவது, இரண்டொரு நிமிஷத்துக்குள் இறக்குங்கள்; படம் எடுக்க நிறுத்தாதீர்கள். அலாஸ்காவில் நடந்த ஆய்வொன்றில், ஆழத்தில் விடப்பட்ட மஞ்சட்கண் மீன்களில் 98 சதவீதம் பிழைத்தன. மேற்பரப்பில் விட்டிருந்தால் 22 சதவீதமே பிழைத்திருக்கும் என்று அதே ஆய்வு கணித்தது.

வாயில் பிதுங்கும் பையைக் காற்றுப்பை என்றெண்ணி ஊசியால் குத்துவோர் இன்னும் இருக்கிறார்கள். அது இரைப்பை. குத்தாதீர்கள், ஆழத்தில் அழுத்தம் மீண்டதும் அது உள்ளே அடங்கிவிடும். மறுபடியும் சொல்கிறேன், குத்தாதீர்கள்.

கரை திரும்பியதும், மாநில மீன்-வனவிலங்கு இலாகாவின் கணக்கெடுப்பாளர், எத்தனை விடுவித்தீர்கள், எந்த ஆழத்தில், கருவி கொண்டா என்று விசாரிப்பார். அபராதம் வருமோ என்றஞ்சிப் பலர் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். மஞ்சட்கண் மீனை வைத்துக்கொள்வதே குற்றம், தற்செயலாகச் சிக்கியதை முறைப்படி விடுவித்தது குற்றமன்று. கருவியால் விடுவித்தவற்றுக்குச் சாவுக்கணக்கைக் குறைத்தே போடுகிறார்கள்; அக்கணக்குதான் ஆண்டு வரம்பில் கழிக்கப்பட்டு, மீன்பிடிப் பருவத்தின் நீளத்தையே நிர்ணயிக்கிறது. எனவே எண்ணிக்கையையும் ஆழத்தையும் படகிலேயே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நியூபோர்ட்டுக்கு மேற்கேயுள்ள ஸ்டோன்வால் திட்டு இந்த மஞ்சட்கண் மீனுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்கே கடலடி மீனுக்கும் ஹாலிபட்டுக்கும் தூண்டில் போடுவது தடை. எல்லைகளும் விதிகளும் பருவத்தின் நடுவிலும் மாறுவதுண்டு. பழைய புத்தகத்தை நம்பாமல், புறப்படுவதற்கு முதல் நாள் இலாகாவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே படகேறுங்கள்.