தே தாரிக்கை எப்படிக் குறைப்பது?

கோலாலம்பூர் – "சீனியைக் குறைக்கணும், தினமும் நடக்கணும்." அரசாங்கக் கிளினிக்கில் இதைக் கேட்காத இனிப்புநீர் நோயாளி கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பது அரிது. தலையாட்டிவிட்டு, மருந்துப் பையோடு வெளியே வந்து, எதிர்க்கடையில் தே தாரிக் சொல்பவர்களும் குறைவில்லை.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நோயாளியைச் சோம்பேறி என்று ஏசுவதால் இந்தக் கணக்கு மாறாது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், மதுப்பழக்கம் உள்ளவர்களுக்காக 1983-இல் ஒரு முறையை எழுதினார். மாறுவதற்கான காரணத்தை மருத்துவர் சொல்லக்கூடாது. நோயாளியே சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். இன்று அது இனிப்புநீர், புகைபிடித்தல், உடல் எடை என எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. "இதை மாற்றுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?" என்று கேட்கிறார் மருத்துவர். நோயாளி "நாலு" என்கிறார். "ஏன் ரெண்டு இல்லை?" என்பது அடுத்த கேள்வி. அப்போதுதான், அப்பாவுக்குக் காலை எடுத்த கதையோ, பேரப்பிள்ளையோடு நடக்க முடியாத வருத்தமோ வெளியே வரும். அவரைக் கிளப்பப் போவது அதுதான், சுவரில் ஒட்டிய போஸ்டர் அல்ல.

அடுத்து, இலக்கு சிறியதாக இருக்க வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் இரவு வேலை பார்க்கும் லாரி ஓட்டுநரிடம் "எடையைக் குறைங்க" என்றால் அவர் எங்கே தொடங்குவார்? நாளைக்கு நான்கு தே தாரிக் குடிப்பவர், இரவு பத்து மணிக் குவளையை மட்டும் 'தே ஓ கோசோங்' ஆக்கலாம். கெட்டிப் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை என்பதை நினைத்தால் அது சின்ன விஷயமில்லை. சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டுக்கணக்கில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டில் இது தலைகீழ். இரண்டாம் முறை சோறு வருமுன் காய்கறியைக் கேட்டு வாங்கலாமே!

இதனால் பலன் உண்டா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. உணவு, நடை பற்றிய தொடர் ஆலோசனை நோய் வரும் அபாயத்தை 28.5 விழுக்காடு குறைத்தது. மெட்பார்மின் மாத்திரை 26.4 விழுக்காடு. அதே குழு 2013-இல், கைப்பேசிக் குறுஞ்செய்திகளை மட்டும் தொடர்ந்து அனுப்பியே நல்ல பலன் கண்டது. ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த அப்பாயின்மென்ட் வரை மறந்துவிடாமல், இடையில் விசாரிப்பதுதான் முக்கியம்.

வீட்டில் சமைப்பவரைக் கூட அழைத்துச் செல்வது நல்லது. மலாய் சரியாகப் புரியாத பெரியவர் என்றால் மகனோ மகளோ உடன் இருக்கட்டும். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள், தைப்பூச விரதம் என்று சாப்பாட்டைத் தவிர்க்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்குகளிலேயே தனிச் சேவை உண்டு. பதிவு முகப்பிலேயே கேட்கலாம்.