ஒப்புமையும் உறவும்: தொல்லுயிரிகளின் வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்கள்

நம் கெடா மாநிலத்தின் நெல்வயற் சேற்றிலும் செம்பனை ஆலைகளின் கழிவுக் குளங்களிலும் குமிழியிட்டெழும் மீத்தேன் வாயு, ஆர்க்கியா எனப்படும் தொல்லுயிரிகள் ஆக்குவது. நெடுங்காலம் பாக்டீரியாவின் ஒரு பிரிவாகக் கருதப்பட்ட இவை தனிக்குலம் என்பதை, 1977இல் கார்ல் வூஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.யின் எழுத்துவரிசைகளை ஒப்பிட்டு நிறுவினர். மொழிக்குடும்பம் ஆராய்வார்க்கு இம்முறை அயலன்று.

ரைபோசோம், உயிரணுவில் புரதம் ஆக்கும் பொறி. அதன் ஆர்.என்.ஏ.யில் சில இடங்கள் வேதிமாற்றம் பெறுதல் வேண்டும். அவ்விடங்களைச் சுட்டுபவையே சிறு வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்கள். அவை இரு வகையின. 'சி-டி பெட்டி' வகை, மெதைல் சேரும் இடத்தைக் காட்டும். 'எச்-ஏசிஏ' வகை, யூரிடின் சூடோயூரிடினாகத் திரியும் இடத்தைக் காட்டும்.

முதல் வகையின் அமைப்பு இலக்கணம் கற்றார்க்கு எளிதில் விளங்கும். சி, டி என்னும் பெட்டிகள் விகுதிபோல் எங்கும் ஏறத்தாழ ஒரே வடிவில் வரும் குறுந்தொடர்கள். புரதங்கள் அவற்றைப் பற்றி நிற்பதால் அவை எளிதில் மாறா. வழிகாட்டும் பகுதியோ அடிச்சொல்போல் ஒவ்வொன்றிலும் வேறாகும். டி பெட்டிக்கு முன்னுள்ள ஐந்தாம் எழுத்தோடு இணையும் எழுத்தே மெதைல் பெறும்.

மனிதரிடத்தும் ஈஸ்ட்டிலும் முன்னரே அறியப்பட்ட இவ்வகை, 2000இல் சல்ஃபோலோபஸ் என்னும் தொல்லுயிரியிலும் கண்டறியப்பட்டது. பாக்டீரியாவில் இம்முறை காணப்படவில்லை. அங்குத் தனிப் புரதங்களே இடமறிந்து பணியாற்றும். ஆகவே தொல்லுயிரிகளுக்கும் நம் போன்ற உட்கருவுடைய உயிர்களுக்கும் பொதுவான மூதாதையிடத்தே இது தோன்றியிருத்தல் வேண்டும் என்பர்.

பெட்டிகள் ஒத்தால் வகை ஒன்று, குடும்பம் ஒன்றாகாது. 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, கொதிநீரில் வாழும் பைரோபாகுலத்தின் ஆறு இனங்களை ஆராய்ந்து, வழிகாட்டும் பகுதிகளின் ஒப்புமையால் சி-டி பெட்டி வகையில் மட்டும் 110 குடும்பங்கள் வகுத்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. ஓரிடத்தையே சுட்டும் இரு வழிகாட்டிகள் அவ்விடத்தோடு பொருந்தவேண்டியிருப்பதால் தம்முள் ஒத்தேயிருக்கும். அவ்வொப்புமை பணியால் வந்தது; பிறப்பொருமைக்கு அது மட்டுமே சான்றாகாது. பிற பகுதிகளும் அருகிலுள்ள மரபணுக்களும் ஒத்துவரின் உறவு உறுதிப்படும்.

மலாய்மொழியின் 'கெடாய்' நம் கடை. 'காப்பால்' நம் கப்பல். இவை வணிகத்தால் சென்ற கடன்சொற்கள். இவற்றால் மலாய் திராவிட மொழியாகிவிடாது. 1856இல் கால்டுவெல் திராவிட ஒப்பிலக்கணம் எழுதியபோது, சொல்லொப்புமையோடு நில்லாது வேற்றுமை உருபு, வினைவிகுதி, மூவிடப்பெயர் அனைத்தையும் அடுக்கிக் காட்டினார். ஓரிரு சொல்லொலி கொண்டு தமிழுக்கு உலகெங்கும் உறவு கற்பிக்கும் உரைகள் நம் மேடைகளில் இன்றும் எழுகின்றன. அவற்றைக் கேட்குந்தோறும், ஒத்திருப்பது விகுதியா, அடிச்சொல்லா, கடனா என்று நாம் வினவுதல் வேண்டும்.