இருட்டில் முளைத்த பயறு

"விதை முளைக்க வெயில் வேணுமா?"

ஆறாம் வகுப்பில் இப்படிக் கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "வேணும் டீச்சர்" என்று சொல்லும். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 21 வருடங்களாக அறிவியல் நடத்துகிறேன். வருடா வருடம் கேட்கிறேன். பதில் மாறியதே இல்லை.

சரி, தப்பு எதுவும் நான் சொல்வதில்லை. இரண்டு கொட்டாங்கச்சிகளில் ஈர மணல் போட்டு, இரவு ஊறவைத்த பச்சைப்பயறைத் தூவுவோம். ஒன்று சன்னல் திண்டில் இருக்கும். மற்றதன் மேல் மண்பானையைக் கவிழ்த்துவிடுவோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் அதற்கு மட்டும் நானே தண்ணீர் தெளிப்பேன். ஆறாம் நாள் பானையைத் தூக்கும்போது சத்தமெல்லாம் அடங்கிவிடும். இருட்டில் இருந்ததும் முளைத்திருக்கும். வெயிலில் இருந்ததைவிட உயரமாகவே வளர்ந்திருக்கும்.

"அப்ப நாம சொன்னது தப்பா டீச்சர்?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்தப் பானை.

சில வருடங்களுக்கு முன், பார்த்ததை நோட்டில் எழுதச் சொன்னேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, 'விதை முளைக்க நீர், காற்று, தகுந்த வெப்பநிலை தேவை' என்று எழுதிக்கொண்டு வந்தாள். தவறில்லாத வரி. ஆனால் பானைக்கடியில் அவள் பார்த்தது எதுவும் அதில் இல்லை. "நீ என்ன பார்த்தே, வாயால சொல்லு" என்றேன். மளமளவென்று சொன்னாள்: "வெயில்ல இருந்தது குட்டையா, பச்சையா, திடமா இருக்கு டீச்சர். இருட்டுல இருந்தது சோகை புடிச்ச மாதிரி வெளுத்துப் போயி, நீட்டமா, நிக்க முடியாம சாயுது."

எவ்வளவு துல்லியமான கவனிப்பு! வாய்க்கு வந்த அறிவியல் கைக்கு வரவில்லை. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தமிழையாவிடம் போனேன். படித்துப் பார்த்து, அவள் வாயால் சொன்னதையும் என்னிடம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "புள்ள சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கலாமே டீச்சர். சோகைங்கிறது எவ்வளவு பொருத்தமான சொல்லு!"

அன்றிலிருந்து அவர் தமிழ் வகுப்பையும் என் அறிவியல் வகுப்பையும் நாங்கள் தனித்தனியாக நினைப்பதில்லை.

எங்கள் இரண்டு வகுப்பையும் இணைப்பவை 'கற்றல் விளைவுகள்'. பெற்றோர் பலருக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். முன்பெல்லாம் ஆசிரியர்களுக்குள் பேச்சே "எத்தனை பாடம் முடிச்சீங்க?" என்பதுதான். 2017-இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகளைத் திருத்தி, வகுப்புவாரியாகப் பாடவாரியாகக் கற்றல் விளைவுகளை வகுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். அதே ஆண்டு தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஒரு குழந்தையால் என்னென்ன செய்ய முடிய வேண்டும் என்பதன் பட்டியல் அது.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது வினைச்சொற்கள். ஆறு முதல் எட்டு வரையிலான அறிவியலில் அவை திரும்பத் திரும்ப வரும்: வேறுபடுத்துதல், வகைப்படுத்துதல், கேள்விக்கு விடை தேடி எளிய ஆய்வு செய்தல், நிகழ்வைக் காரணத்தோடு பொருத்துதல், அளத்தல், படம் வரைந்து பாகம் குறித்தல், கிடைக்கும் பொருளைக் கொண்டு மாதிரி செய்து அது இயங்கும் விதத்தை விளக்குதல். மனப்பாடம் செய்தல் என்று ஓரிடத்திலும் இல்லை. உதாரணத்துக்குக் கொடுத்திருக்கும் கேள்விகளும் வீட்டில் கேட்கக்கூடியவைதான். தடையில்லாமல் தொங்கும் காந்தம் ஒரே திசையில் நிற்குமா? பச்சை நிறமில்லாத இலையிலும் ஒளிச்சேர்க்கை நடக்குமா? ஊறுகாயில் உப்பு ஏன் போடுகிறோம்? ஊறுகாய் கேள்வி எட்டாம் வகுப்புக்கு. அதற்கு நல்ல பதில் சொல்லக்கூடிய பாட்டிகள் எங்கள் ஊரில் நிறைய.

தமிழுக்கு வருவோம். நம் தமிழ்ப் புத்தகத்தில் ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் 'கற்றல் நோக்கங்கள்' என்று சில வரிகள் இருக்கும். நேராகப் பாடத்துக்குப் போகும் அவசரத்தில் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுகிறோம். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற நான்கும்தான் அடிப்படை. நடுநிலை வகுப்பில் கூடுதலாக வேண்டியது, படித்ததைப் பற்றித் தன் கருத்தைக் காரணத்தோடு சொல்வது. கவனியுங்கள், அறிவியலிலும் இதையேதான் கேட்கிறார்கள்.

ஏழாம் வகுப்பில் செம்பருத்திச் சாறு எடுப்போம். எலுமிச்சைச் சாறு விட்டால் அடர்ந்த இளஞ்சிவப்பாகும். சோப்பு நீர் விட்டால் பச்சையாகும். பிள்ளைகள் 'நிறம் மாறியது' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். எதை விட்டபோது, எந்த நிறம், எந்த நிறமானது? 'விட்டால்', 'ஆனால்', 'ஏனெனில்', 'ஆகவே' என்ற சொற்கள் கைக்குப் பழகாத பிள்ளையால் இதை எழுத முடியாது. தமிழையா அந்த வாரமே இலக்கண வகுப்பில் எங்கள் செம்பருத்தியை எடுத்துக்கொண்டார். பத்து வாக்கியம், பத்திலும் 'விட்டால்' வர வேண்டும். நான் ஒரு மாதம் மன்றாடியும் நடக்காதது மூன்று நாளில் நடந்தது.

இரண்டு பாடமும் பிரியும் இடமும் உண்டு. அதைக் காட்டியவன் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். 'இருட்டில் இருந்த செடி சூரியனைத் தேடித் தேடி நீண்டு போனது' என்று எழுதியிருந்தான். தமிழையாவுக்கு ஒரே மகிழ்ச்சி. "இதுதான் டீச்சர் தற்குறிப்பேற்ற அணி! இயல்பா நடக்கிறதுமேல தன் குறிப்பை ஏத்திச் சொல்றான்" என்றார். நானும் ரசித்தேன். ஆனால் என் வகுப்பில் அவனிடம், "தேடினதை நீ பார்த்தியா, நீண்டதைப் பார்த்தியா?" என்று கேட்டேன். யோசித்து, "நீண்டதைத்தான் பார்த்தேன் டீச்சர்" என்றான். பிறகு நோட்டில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'பார்த்தது' என்றும் மறுபக்கம் 'நினைத்தது' என்றும் எழுதினோம். காரணத்தை அதற்குப் பிறகே சொன்னேன். முளைக்கத் தேவையான உணவு விதையிலைகளிலேயே இருக்கிறது. வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உருவாகவில்லை. இருந்த சேமிப்பெல்லாம் தண்டின் நீளத்துக்கே செலவாகிறது. அது தீர்ந்தால் செடி மடியும். எது கண்ணால் கண்டது, எது மனத்தின் ஊகம் என்று பிரிக்கத் தெரிவதைவிடப் பெரிய அறிவியல் விளைவு நடுநிலை வகுப்பில் வேறெதுவும் இல்லை என்பது என் கருத்து.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். ஒருமுறை பள்ளியைப் பார்வையிட வந்தவர் பாடக்குறிப்பேட்டில் கற்றல் விளைவின் எண் எழுதியிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்தார். சன்னலில் வரிசையாக இருந்த கொட்டாங்கச்சிகள் அவர் கண்ணில் படவே இல்லை. மதிப்பெண்ணிலும் இதே கதைதான். 2012-13-இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். பிள்ளை தன் கையால் செய்து பார்க்கட்டும் என்பதற்கான 40 அது. கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய சார்ட்டுக்கும் அது போய்ச் சேர்வதைப் பார்க்கும்போது மனம் கேட்கவில்லை.

அந்த முன்வரிசைச் சிறுமி எட்டாம் வகுப்பு முடித்துப் போகும்போது எழுதிய கடைசி ஆய்வுக் குறிப்பு ஒன்றரைப் பக்கம். எழுத்துப் பிழை நான்கு இருந்தது. அவள் பார்க்காத எதுவும் அதில் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சனிக்கிழமை இரவு ஒரு பிடி பச்சைப்பயறை ஊறவையுங்கள். பாதி வெளிச்சத்தில் இருக்கட்டும், பாதி பானைக்கடியில். ஆறு நாள் கழித்து உங்கள் பிள்ளை பார்த்ததை ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது புத்தகத்தைத் திறக்க விடாதீர்கள்.