பணம் தருவது நிம்மதியா, கவலையா?

பணம் வந்தால் கவலையும் கூடவே வரும் என்பர். வறுமை மட்டும் நிம்மதி தருமா? ஜவ்வாது மலையைப் பாருங்கள். சாமை விளையும் மலை அது. மழையை நம்பிய சிறு நிலம் ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. அந்த இல்லாமையை அறிந்தே செம்மரத் தரகர்கள் பணத்துடன் மலையேறினர். 2015 ஏப்ரல் 7-இல், செம்மரம் வெட்ட வந்தோர் என்று கூறி, ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழருள் இம்மலையினரும் இருந்தனர்.

உள்ளூரிலேயே போதிய கூலி கிடைத்திருப்பின் தரகரின் பேச்சு எடுபட்டிருக்குமா? ஆகவே வாசகரே, தேவைக்கு ஹலாலாகப் பொருள் தேடுவது பேராசையாகாது. தேவைக்கு மேல் பூட்டி வைப்பதே கவலையாகிறது. ஓராண்டு தங்கிய அச்செல்வத்தில் நூற்றுக்கு 2.5 பங்கு ஜகாத்தாக ஏழையைச் சென்றடையுமானால், இரு வீட்டாரின் கவலையும் குறையும்.