மந்தநிலையில் பணம் எங்கே போகிறது?

பொருளாதார மந்தநிலை வந்தால் மக்கள் எல்லாச் செலவையும் ஒரே அளவில் குறைத்துக்கொள்வதில்லை. பாலும் ரொட்டியும் மருந்தும் ஏறக்குறைய முன்போலவே விற்கும். அடி விழுவது தள்ளிப்போடக்கூடிய பொருள்களுக்கு. பழைய காரை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டிவிடலாம். சோபா கிழிந்தாலும் அதில் உட்காரலாம். அமெரிக்காவில் 2007 டிசம்பர் முதல் 2009 ஜூன் வரை நீடித்த மந்தநிலையில் இது தெளிவாகவே தெரிந்தது. 2007இல் அங்கே சுமார் 1.6 கோடி கார்களும் இலகுரக வாகனங்களும் விற்றன. 2009இல் அந்த எண்ணிக்கை சுமார் 1.04 கோடியாகச் சரிந்தது.

அத்தியாவசியச் செலவு நின்றுவிடவில்லை என்றாலும் அது இடம் மாறியது. நல்ல உணவகத்துக்குப் போனவர்கள் மலிவான உணவுக்கும், பெரிய அங்காடிக்குப் போனவர்கள் தள்ளுபடிக் கடைக்கும் இறங்கினார்கள். 2008இல் டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு சுமார் 34 சதவீதம் விழுந்தது. அதிலுள்ள 30 நிறுவனங்களில் அந்த ஆண்டு பங்கு விலை உயர்ந்தவை இரண்டுதான்: தள்ளுபடிக் கடையான வால்மார்ட், மலிவான உணவு விற்கும் மெக்டொனால்ட்ஸ். அதே ஆண்டில், விலை கூடிய காபி விற்கும் ஸ்டார்பக்ஸ் 600 கடைகளை மூடுவதாக அறிவித்தது.

விலையைக் குறைத்தால் போதும், வியாபாரம் திரும்பிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். வேலை போனவர்கள் மட்டுமல்ல, வேலையில் இருப்பவர்களும் செலவைச் சுருக்குகிறார்கள். அடுத்த மாதச் சம்பளம் உறுதியில்லை என்ற பயம் இருக்கும்வரை எந்தத் தள்ளுபடியும் பெரிய தவணைக் கடனுக்குள் ஒருவரை இழுக்காது. இந்தப் பயத்தை நேரடியாக எதிர்கொண்ட கார் நிறுவனம் ஹூண்டாய். 2009 ஜனவரியில் அது அமெரிக்காவில் ஓர் உறுதிமொழி தந்தது. கார் வாங்கிய ஓராண்டுக்குள் வேலை போய்விட்டால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். காரின் மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசத்தில் 7,500 டாலர் வரை ஈடுசெய்யப்படும். அந்த மாதம் மொத்தக் கார்ச் சந்தை முந்தைய ஆண்டைவிட 37 சதவீதம் சுருங்கியபோது, ஹூண்டாயின் விற்பனை 14 சதவீதம் கூடியது. திரும்பி வந்த கார்களோ மிகச் சொற்பம். விலைக் குறைப்புக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இந்த உறுதிமொழிக்கு ஆன செலவு மிகக் குறைவு. மந்தநிலையில் வியாபாரம் செய்ய நினைக்கும் எவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய உதாரணம் இது.

போட்டியாளர் வீழ்வதாலும் வாய்ப்பு பிறக்கிறது. மின்னணுப் பொருள் விற்ற சர்க்கிட் சிட்டி நிறுவனம் 2009 தொடக்கத்தில் தன் 567 கடைகளையும் இழுத்து மூடியதும், அதன் வாடிக்கையாளர்களில் பலர் பெஸ்ட் பை கடைகளுக்குப் போனார்கள். நெருக்கடியின் நடுவே முளைத்த புதிய தொழில்களும் உண்டு. 2008 ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பி, கூடுதல் வருமானம் தேடிய வீட்டுக்காரர்களையும் மலிவான தங்குமிடம் தேடிய பயணிகளையும் இணைத்தது.

ஆனால் இந்த வாய்ப்புகள் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கையிருப்பு உள்ள பெரிய நிறுவனங்களால் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருக்க முடிந்தது. அமெரிக்காவில் சிறுதொழில் தொடங்குவோர் பலர் சொந்த வீட்டை ஈடுவைத்தே முதல் திரட்டுவது வழக்கம். வீட்டு விலை சரிந்து வங்கிகளும் கையை இறுக்கியதால், கடை வாடகை மலிவாகக் கிடைத்த அந்தக் காலத்தில் அவர்களிடம் முதல் இல்லை.