மிதந்த கோட்டைகளும் மூழ்கிய மமதையும்

கடலை ஆள்பவன் உலகை ஆள்வான் என்று மார்தட்டிக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம். அந்த ஆணவத்தின் சின்னங்களாக, 1941 டிசம்பர் 2-ஆம் நாள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன இரு பெருங்கப்பல்கள்: 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்'. இரும்பு மலைகள்! மிதக்கும் கோட்டைகள்! இவற்றைக் கண்டதும் ஜப்பான் அஞ்சி ஒதுங்கும் என்று நம்பினர். ஊரையும் நம்பச் சொன்னார்கள்.

நடந்தது என்ன? டிசம்பர் 8-ஆம் நாள் மாலை புறப்பட்டவை, 10-ஆம் நாள் பிற்பகலில் இல்லை! மலேயாவின் குவாந்தான் கரைக்கு அப்பால், இந்தோசீனாவிலிருந்து பறந்து வந்த ஜப்பானிய விமானங்கள் குண்டும் டார்பிடோவும் வீசின. இரு கோட்டைகளும் கடலடி சேர்ந்தன. மாண்டவர் ஏறத்தாழ 840 பேர். தளபதி டாம் பிலிப்சும் அவர்களுள் ஒருவர். ஜப்பான் இழந்த விமானங்களோ, ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்!

அறியாமல் நேர்ந்ததா இது? விமானம் போர்க்கப்பலை வெல்லும் என்று உலகுக்குக் காட்டியதே பிரிட்டன்தானே! 1940 நவம்பரில், தாரந்தோ துறைமுகத்தில், 21 பழைய பாணி விமானங்களைக் கொண்டு இத்தாலியின் மூன்று பெரும் போர்க்கப்பல்களை முடக்கிற்றே! பிறருக்குப் புகட்டிய பாடத்தைத் தான் படிக்கவில்லை. சிங்கப்பூரிலே, துணைக்கு ஒரு விமானந்தாங்கிக் கப்பல்கூட இல்லை. கரையிலிருந்து கிளம்பிய போர் விமானங்கள் வந்து கண்டது, கடலில் தத்தளித்த மாலுமிகளைத்தான்.

விலை கொடுத்தது யார் என்று நாம் கேட்கிறோம். லண்டனிலே வரைபடம் விரித்து வைத்திருந்தவர்களா? 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. பின்னர், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலே பால் வெட்டிப் பிழைத்த தமிழர்கள் பல்லாயிரவர், சயாம்–பர்மா ரயில்பாதை போட இழுத்துச் செல்லப்பட்டனர். காட்டிலே காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையாகித் திரும்பாதவர் ஏராளம். அவர்கள் எந்தக் கப்பலுக்குத் தளபதி? எந்தத் திட்டத்தில் கையொப்பமிட்டார்கள்?

பழங்கதை என்பீரோ? 2022 ஏப்ரலில், கருங்கடலில், ரஷ்யாவின் கருங்கடல் கப்பற்படையின் தலைமைக் கப்பல் 'மாஸ்க்வா' மூழ்கியது. தீ விபத்து என்றது மாஸ்கோ. தன் ஏவுகணைகள் தாக்கின என்றது உக்ரைன். ஆம் என்றனர் அமெரிக்க அதிகாரிகள். பெரும் போர்க்கப்பல் ஒன்றுகூட மிஞ்சாத நாடு அது! பிறகு, ஆளில்லாப் படகுகளை ஏவியும் ரஷ்யக் கப்பல்களைத் துரத்திற்று.

கருவி மாறும்போது கருத்தும் மாறவேண்டும். மாற மறுக்கும் மமதையைக் கடல் மன்னிப்பதில்லை. ஆனால், மமதை கொள்பவர் மாளிகையிலே இருக்க, மடிபவன் மாலுமியாகவும் கூலியாகவும் இருக்கிறானே, அதுதான் நம் நெஞ்சைச் சுடுகிறது!