அண்ணன் கூட்டிப்போன நிகழ்ச்சி

டொராண்டோவிலும் லண்டனிலும் நம் மாணவர்கள் கலைநிகழ்ச்சி போட்டால், வீட்டில் ஒரு முணுமுணுப்பு கேட்கும்: "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?"

1917இல் நியூயார்க்கில் நடந்த கதை இது. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் வருஷா வருஷம் 'வார்சிட்டி ஷோ' போடுவார்கள். பாட்டு, ஆட்டம், நையாண்டி எல்லாம் உண்டு. அங்கே படித்த ஒரு அண்ணன், 14 வயசுத் தம்பியைக் கூட்டிப்போனார். முடிந்ததும், அதில் எழுதி நடித்த ஆஸ்கார் ஹாமர்ஸ்டைனிடம் அறிமுகமும் செய்துவைத்தார்.

தம்பி அன்றே முடிவு கட்டிவிட்டான்: படித்தால் இங்கேதான், இந்த மேடைக்கு நான்தான் இசையமைக்கணும். 1920இல் அப்படியே நடந்தது. அப்போது அவனுக்கு வயசு 17. அவன்தான் ரிச்சர்ட் ராஜர்ஸ். பின்னாளில் அதே ஹாமர்ஸ்டைனோடு சேர்ந்து 1943இல் 'ஓக்லஹோமா!', 1959இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்று மேடை இசைநாடகங்களைத் தந்தார்.

கொலம்பியாவில் அவர் படிப்பை முடிக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் சும்மா இருக்கவில்லை, முறையாக இசை படிக்கப் போனார்.

பெரிய நட்சத்திரங்களைப் பார்த்தால் பிள்ளை கைதட்டும், அவ்வளவுதான். அண்ணனோட சிநேகிதன் மேடையில் நிற்கும்போதுதான் "நானும் செய்யலாமே" என்று தோணும். மைக் மக்கர் பண்ணலாம், நிகழ்ச்சி ஒரு மணி நேரம் தாமதமாகலாம். பரவாயில்லை.

அடுத்த தடவை வீட்டில் இருக்கிற சின்னவனையும் சின்னவளையும் கூட்டிப்போங்கள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் நாலு பேரை அறிமுகம் செய்துவையுங்கள்.